முப்புரியைக் கண்ட பேரறிஞர்

நுழையும் முன்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு, ஏலக்காய் மூட்டைகள் ஏற்றி இறக்கப்படுவதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அங்கே கிடக்கும் பருத்த கயிறு ஒன்றின் முனையைப் பிரித்துப் பாருங்கள். மூன்று புரிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக் கிடப்பதைக் காண்பீர்கள். தனிப்புரி எளிதில் அறும். முப்புரியோ பெருஞ்சுமையைத் தாங்கும். நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு முப்புரி இருக்கிறது. அதன் அமைப்பை முதன்முதலில் உலகிற்கு எடுத்துரைத்தவர், மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் எர்ணாகுளத்தில் பிறந்த ஒரு தமிழர். அவரது வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

கோபாலசமுத்திரம் நாராயணன் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள், அன்றைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர். தாயார் இலட்சுமி அம்மாள். பெயரின் முன் நிற்கும் கோபாலசமுத்திரம் என்பது திருநெல்வேலிச் சீமையில் உள்ள அவர்தம் முன்னோரின் ஊர். தாமிரபரணிக் கரையில் வேரூன்றிய குடும்பம், தொழிலின் பொருட்டுக் காயல் கரைக்கு வந்து வாழ்ந்தது. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமும் வழங்கிய சூழலில் அவர் வளர்ந்தார். உங்களுள் பலரும் அத்தகைய சூழலில்தான் வளர்கிறீர்கள்.

தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். எர்ணாகுளம் படகுத்துறையில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் அக்கல்லூரியை இன்றும் காணலாம். கணிதத்தின் மீது இராமச்சந்திரனுக்கு ஏற்பட்ட பற்று தந்தையாரிடமிருந்து வந்ததே. பிற்காலத்தில் அவர் இயற்பியலராகவும் உயிரியலராகவும் போற்றப்பட்டபோதும், எந்தச் சிக்கலையும் முதலில் கணிதக் கண்ணால் நோக்கும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

எர்ணாகுளத்தில் இளமைக் கல்வியை முடித்த பின் அவர் திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு இயற்பியலில் சிறப்புப் பட்ட வகுப்பில் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று விடுதியில் தங்கிப் படித்த அவ்வாண்டுகளே அவரது முதற்பயணம். அதன்பின் அவர் வாழ்வில் பயணங்கள் பல வந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆய்வகத்தை நோக்கியே சென்றது.

துறை மாறிய மாணவர்

1942இல் இராமச்சந்திரன் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அக்காலத்தில் அங்கே இயற்பியல் துறையின் தலைவராக விளங்கியவர், 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இளைஞரின் உள்ளம் இயற்பியலிலேயே தோய்ந்திருந்தது. அவர் இராமனை அணுகினார். அவருடைய கூர்மதியைக் கண்ட இராமன், இத்தகைய மாணவர் மின்பொறியியல் துறையில் இருத்தல் தகாது என்று கருதித் தம் துறைக்கே அழைத்துக்கொண்டார் என்பர்.

மின்பொறியியல் படித்தால் நிலையான வேலை கிடைக்கும்; இயற்பியல் ஆய்வுக்கோ அந்நாளில் வேலைவாய்ப்பு மிகக் குறைவு. நாடு விடுதலை பெறவில்லை. ஆய்வகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. இருந்தும் உள்ளம் விரும்பிய துறையையே இராமச்சந்திரன் தேர்ந்தார். படிகங்களின் ஊடே ஒளியும் எக்ஸ் கதிரும் செல்லும் இயல்பை இராமனின் கீழ் ஆராய்ந்தார். வைரம் போன்ற படிகங்களில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். எக்ஸ் கதிரை அவற்றினூடே செலுத்தினால், அக்கதிர் சிதறி ஒளிப்படத்தகட்டில் புள்ளிகளாகப் பதியும். அணுவை நேரே காண இயலாது. புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் அளந்து, கணக்கிட்டு, அணுக்கள் இருக்கும் இடத்தை உய்த்துணர வேண்டும். இக்கலையில் அவர் கைதேர்ந்தார். 1947இல் அறிவியல் முனைவர் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

அதே ஆண்டு அவர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டர் என்னும் அறிஞரின் வழிகாட்டலில் ஈராண்டுகள் ஆராய்ந்தார். அங்கு மற்றொரு முனைவர் பட்டத்தையும் பெற்றார். அந்நாளில் அங்கு வந்திருந்த அமெரிக்க வேதியியலர் இலைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. உயிருள்ள பொருள்களின் மூலக்கூறுகளையும் வேதியியலின் விதிகளைக் கொண்டு விளக்க முடியும் என்னும் எண்ணம் அப்போது அவர் உள்ளத்தில் விதையாக விழுந்தது. 1949இல் தாயகம் திரும்பிப் பெங்களூரிலேயே ஆசிரியப் பணியை ஏற்றார்.

சென்னையில் புதுத்துறை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அப்போது டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் இருந்தார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையொன்றைத் தொடங்க விரும்பிய அவர், அதன் தலைமையை ஏற்குமாறு இராமனை வேண்டினார். இராமன் தாம் ஏற்காமல் தம் மாணவரான இராமச்சந்திரனின் பெயரைப் பரிந்துரைத்தார். அவ்வாறு 1952இல், முப்பது அகவை நிறையும் முன்னரே, இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார்.

புதிய துறைக்குச் சிறப்பு, சிறந்த வினா ஒன்றைத் தேர்வதால்தான் வரும். அந்த வினா ஒரு விருந்தினர் வழியாக வந்தது. 1952இல் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதையும், அதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள் நிறைவு தரவில்லை என்பதையும் இராமச்சந்திரனிடம் எடுத்துரைத்தார். இராமச்சந்திரன் அவ்வினாவைப் பற்றிக்கொண்டார்.

கொலாஜன் என்பது என்ன? தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றிற்கு உறுதி தரும் புரதம் அது. பாலூட்டிகளின் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதமும் அதுவே. விலங்கின் தோலைப் பதனிட்டால் கிடைக்கும் தோற்பொருள் பெரும்பாலும் கொலாஜனே. எனவே செருப்பு, பை, இடைவார் செய்யும் தொழிலுக்கும் இப்புரதத்தின் இயல்பை அறிவது இன்றியமையாதது.

அண்டை ஆய்வகத்தின் துணை

ஆராய வினா கிடைத்தது. ஆராயத்தக்க பொருள் வேண்டுமே! அது தொலைவில் இல்லை. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அண்மையில், அடையாற்றில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வந்தது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு என்னும் நடுவண் அரசு அமைப்பின் கீழ் வரும் ஆய்வகம் அது. 1948இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தோல் பதனிடும் தொழிலை மேம்படுத்துவதே அதன் முதல் நோக்கம். பதனிடுதலை அறிவியல் முறையில் அறிய வேண்டுமாயின் கொலாஜனை அறிய வேண்டும். ஆகவே அங்கிருந்த வேதியியலர் அப்புரதத்தை நன்கு அறிந்திருந்தனர்.

அந்நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் இராமச்சந்திரனுக்குக் கிடைத்தது. அதிலுள்ள கொலாஜன் இழைகள் ஒரே திசையில் சீராக அமைந்திருந்ததால் எக்ஸ் கதிர்ப்படம் தெளிவாக விழுந்தது. வெளிநாட்டு ஆய்வகங்களின் வசதிகளோடு ஒப்பிட்டால் சென்னைத் துறையின் கருவிகள் எளியவையே. ஆயினும் அரசு ஆய்வகம் ஒன்று பொருளைத் தர, பல்கலைக்கழகத் துறை ஒன்று கருத்தைத் தர, இரண்டும் சேர்ந்து உலகம் வியக்கும் விடையைத் தந்தன. தோல் தொழிலுக்கென நிறுவிய நிலையம் உயிரியலின் அடிப்படை வினா ஒன்றுக்கு விடை காணத் துணைநின்றது. அறிவியலில் எந்தப் பொருள் எந்த வினாவுக்கு உதவும் என்று முன்கூட்டியே வரையறுக்க இயலாது என்பதற்கு இது நல்ல சான்று.

முப்புரி

இப்பணியில் அவருக்குத் துணையாய் நின்றவர் கேரளத்தவரான கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆய்வாளர். இருவரும் படத்தைக் கூர்ந்து நோக்கினர். வேதியியல் பகுப்பாய்வு தந்த செய்திகளையும் எண்ணிப் பார்த்தனர்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. கொலாஜன் மாலையில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் அமினோ அமிலமாக இருந்தது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசின். அதற்குப் பக்கக்கிளை இல்லை. அக்கிளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீரகம் மட்டுமே உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்னும் அளவு தற்செயலாக அமைந்திருக்க இயலாது. மாலையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். மூன்று மாலைகள் அருகருகே நெருங்கி நின்றால், நடுவில் மிகக் குறுகிய இடமே எஞ்சும். அக்குறுகிய இடத்தில் அமரத்தக்கது கிளைசின் ஒன்றே. ஆகவே கொலாஜன் மூன்று மாலைகள் சேர்ந்த அமைப்பாக இருத்தல் வேண்டும்.

இக்கருத்து 1954ஆம் ஆண்டு ஆகஸ்டில் நேச்சர் என்னும் இதழில் வெளியாயிற்று. அதன்பின்னும் அவர்கள் ஓயவில்லை. படத்தோடு முழுவதும் பொருந்த, மூன்று மாலைகளும் ஒரு பொது அச்சைச் சுற்றிக் கயிற்றுப் புரிகளைப் போல முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று கண்டனர். முறுக்கும்போதும் கிளைசின் நடுவை நோக்கியே இருத்தல் வேண்டும். நிலவு புவியைச் சுற்றி வந்தாலும் தன் ஒரு முகத்தையே நமக்குக் காட்டுகிறதன்றோ? அவ்வுண்மையே இம்முறுக்கை விளங்கிக்கொள்ள அவருக்கு உதவியது என்பர். திருத்திய அமைப்பு 1955 செப்டம்பரில் அதே இதழில் வந்தது. டி. என். ஏ.யின் இரட்டைச் சுருளை வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டு ஈராண்டுகளே கடந்திருந்தன. கேம்பிரிட்ஜிலிருந்து இருபுரி வந்தது. சென்னையிலிருந்து முப்புரி வந்தது.

மறுப்பு வந்தது

மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1955ஆம் ஆண்டிலேயே கிரிக்கும் ரிச்சும் கொலாஜன் பற்றித் தம் கட்டுரையை வெளியிட்டனர். மூன்று மாலைகள் முறுக்கியிருப்பதை அவர்கள் ஏற்றனர். ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருப்பதாகவும், வேதியியல் முறைப்படி அத்தகைய நெருக்கம் பொருந்தாது என்றும் கூறினர். மாலைகளைப் பிணைக்கும் நீரகப் பிணைப்புகள் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்று சென்னைக் குழு கூறியிருந்தது. ஒன்றே இருக்க இயலும் என்பது அவர்களின் வாதம்.

இரட்டைச் சுருளைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர் கிரிக். புதிதாய்த் தொடங்கிய ஒரு துறையின் இளம் பேராசிரியருக்கு அவரிடமிருந்து வந்த மறுப்பு எளிதில் தாங்கத்தக்கதன்று. அந்நிலையில் மனிதருக்கு மூன்று வழிகள் உண்டு. மனமுடைந்து ஒதுங்கிவிடலாம்; சினங்கொண்டு சொற்போர் தொடுக்கலாம்; மறுப்பினுள் மறைந்திருக்கும் வினாவைத் தேடி எடுக்கலாம். இராமச்சந்திரன் மூன்றாவது வழியில் சென்றார்.

அவர் எழுப்பிய வினா மிக எளியது: இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? எல்லாரும் ஓர் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தனரேயன்றி, அதை உறுதியாகச் சோதித்தவர் இலர். அதுவரை உலகில் வெளியாகியிருந்த படிக அமைப்புகளை அவரும் அவர்தம் மாணவர்களும் திரட்டினர். ஒவ்வொன்றிலும் கரியணுவுக்கும் கரியணுவுக்கும், கரியணுவுக்கும் உயிரகத்துக்கும், உயிரகத்துக்கும் வெடியத்துக்கும் இடையிலுள்ள தொலைவுகளைத் தொகுத்தனர். வழக்கமாகக் கருதப்பட்டதைவிட நெருக்கமாகவும் அணுக்கள் அமைவதுண்டு என்பது தெரிய வந்தது. எனவே வழக்கமான எல்லை ஒன்றும், கடந்தால் ஒவ்வாத இறுதி எல்லை ஒன்றுமாக இரு அட்டவணைகளை வகுத்தனர்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நேரடி நீரகப் பிணைப்புகளின் எண்ணிக்கையில் பிற்கால அறிவியல் மறுத்தவர்களின் பக்கமே நின்றது. முப்புரி என்னும் அடிப்படையோ நிலைத்தது. தாம் சொன்னதில் ஒரு பகுதி திருத்தம் பெற்றதால் இராமச்சந்திரன் சிறுமையுறவில்லை. அத்திருத்தத்தைத் தேடிச் சென்ற வழியில் முன்னதினும் பெரிய ஒன்றைக் கண்டார்.

உலகம் போற்றும் வரைபடம்

புரத மாலையில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தட்டையான சிறு பலகை போன்றது. அடுத்தடுத்த பலகைகள் இரண்டு இடங்களில் மட்டும் சுழலும். அச்சுழற்சிகளை இரண்டு கோணங்களால் குறிக்கலாம். ஆகவே மாலையின் ஒவ்வோர் இடத்திலும் அதன் வடிவைச் சொல்ல இரண்டு எண்களே போதும். ஒரு கோணத்தைக் கிடைக்கோட்டிலும் மற்றொன்றைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து வரைபடம் வரைந்தால், வடிவங்கள் அனைத்தும் ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடும்.

இனி வினா இதுதான்: அச்சதுரத்தில் எந்தெந்த இடங்களில் அணுக்கள் மோதாமல் இருக்கும்? கணினி எளிதில் கிடைக்காத காலம் அது. இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் மேசைக் கணக்குப்பொறிகளின் துணையோடு, கோணங்களைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்களின் தொலைவைக் கணக்கிட்டனர். தாங்கள் தொகுத்த இரு அட்டவணைகளோடும் ஒப்பிட்டனர். விடை வியப்பளித்தது. பக்கக்கிளை உள்ள அமினோ அமிலத்துக்கு, இறுதி எல்லை வரை இடங்கொடுத்தாலும், சதுரத்தின் கால்பங்குக்கும் குறைவான பரப்பே இசைந்தது. எஞ்சியவை எல்லாம் அணுக்கள் மோதும் இடங்கள். பக்கக்கிளையற்ற கிளைசினுக்கு மட்டும் இசைவான பரப்பு மிகுதி.

1963இல் வெளியான அக்கட்டுரையின் பயனே இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் வழங்கப்பெறுகிறது. இன்று ஓர் ஆய்வாளர் எந்த நாட்டில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அதை வெளியிடும் முன் இவ்வரைபடத்தில் இட்டுச் சோதிக்கிறார். புள்ளிகள் ஒவ்வாத இடத்தில் விழுந்தால், தம் அமைப்பில் பிழை இருக்கலாம் என்று உணர்ந்து மீண்டும் ஆராய்கிறார். பிறர் தம் பணியில் பிழை காட்டியதிலிருந்து தொடங்கியவர், உலகத்தார் அனைவரும் தம் பிழையைத் தாமே காணும் கருவியைச் செய்து அளித்தார். அறிவியலில் இதனினும் இனிய மறுமொழி உண்டோ?

ஆசிரியராக

இராமச்சந்திரனின் துறை, பயிற்சிக் களமாகவும் விளங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு அதனை உயராய்வு மையமாக ஏற்றது. 1963இல் அவர் சென்னையில் கூட்டிய புரத அமைப்புப் பன்னாட்டுக் கருத்தரங்கிற்கு உலகின் முன்னணி அறிஞர்கள் வந்தனர். வெளிநாடு செல்ல வாய்ப்பில்லாத இளம் ஆய்வாளர்கள், நூல்களில் பெயராக மட்டும் அறிந்தவர்களை நேரில் கண்டு உரையாடினர்.

அவரிடம் பயிற்சி பெற்றோர் பல திசைகளிலும் ஒளி பரப்பினர். கர்த்தா அமெரிக்கா சென்று, 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் அமைப்பைத் தம் குழுவினருடன் கண்டறிந்தார். இலட்சுமிநாராயணன் என்னும் மாணவருடன் சேர்ந்து இராமச்சந்திரன் 1971இல் வெளியிட்ட கணித முறை, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து பொருளின் உள்வடிவை விரைந்து மீட்டெடுக்க வழிகாட்டியது. மருத்துவமனைகளில் இன்று எடுக்கப்படும் சி. டி. ஸ்கேன் படங்களின் பின்னால் இத்தகைய கணித முறைகளே உள்ளன.

1971இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவினார். தாம் மாணவராய் நுழைந்த வளாகத்திற்கே ஒரு புதிய துறையைக் கொடுத்தார். அப்பிரிவு இன்றும் புரத ஆய்வில் சிறந்து விளங்குகிறது. 1961இல் பட்நாகர் விருதும், 1977இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினர் பெருமையும், 1999இல் படிகவியலுக்கான எவால்டு பரிசும் அவரை அடைந்தன. நோபல் பரிசு வரவில்லை. ஆனால் நோபல் பரிசு பெற்ற பலருடைய ஆய்வுகளும் அவர் வரைந்த சதுரத்துக்குள் சோதிக்கப்பட்டவையே.

இறுதிக் காலம்

முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வருத்தியது. நுண்ணிய கோணங்களை வரைந்த கை நடுங்கியது. நெடுங்காலம் தம்மைப் பேணிய துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தது அவருக்குப் பேரிழப்பாயிற்று. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார். கங்காருத் தசைநாணைத் தந்து உதவிய அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில், முப்புரிச் சுருளின் பெயர் தாங்கிய அரங்கம் ஒன்று இன்றும் உள்ளது. அண்டை வீட்டார் தம் நட்பை மறக்கவில்லை.

நமக்குரிய வழி

மாணவச் செல்வங்களே! வேதியியலும் உயிரியலும் கைகோக்கும் இத்துறை இன்று வேதி உயிரியல் என்று வழங்குகிறது. உயிரணுவுக்குள் நிகழ்பவற்றை வேதிப்பொருள்களின் துணைகொண்டு ஆராய்வதும், நோய் தீர்க்கும் மருந்துகளைத் தேடுவதும் அதன் பணி. கொல்கத்தாவில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனம், ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், இலக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஆகியன அரசு ஆய்வகங்களே. மேனிலைப் பள்ளியில் அறிவியல் பயின்று, முதுநிலைப் பட்டம் பெற்று, தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறுவோர், உதவித்தொகையுடன் அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வழியன்று அது.

அத்தகைய ஆய்வகத்தைக் காண நீங்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. அங்கே மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. நாம் குப்பையென்று ஒதுக்கும் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்னும் பயனுள்ள பொருளைப் பிரித்தெடுக்கும் வழியை அங்குள்ள அறிஞர்கள் ஆராய்ந்து அளித்துள்ளனர். மீன் சந்தையின் கழிவிலும் வேதியியல் உண்டு. தோல் கிடங்கின் நாற்றத்திலும் உயிரியல் உண்டு.

வீட்டைவிட்டு வேற்றூரில் வாழ்வோருக்கு ஒரு தயக்கம் இருக்கும். இங்கும் முழுதாய் ஒட்டாமல், அங்கும் முழுதாய்ச் சேராமல் நிற்கிறோமோ என்னும் தயக்கம் அது. இராமச்சந்திரன் திருநெல்வேலி வேரும் கொச்சிப் பிறப்பும் திருச்சிக் கல்வியும் பெங்களூர்ப் பயிற்சியும் சென்னைப் பணியும் கொண்டவர். அவையெல்லாம் ஒன்றையொன்று தழுவி முறுக்கியபோதே அவர் வாழ்வு உறுதி பெற்றது. அடுத்த முறை உங்கள் விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடிட்டால் முகம் வாடாதீர்கள். அக்கோட்டுக்குள் உங்களுக்குரிய வினா ஒன்று இருக்கக்கூடும். அதைத் தேடி எடுங்கள்.

சொல்லும் பொருளும்

புரி – கயிற்றின் முறுக்கிய இழை
தசைநாண் – தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான இழை
பதனிடுதல் – கெடாதபடி பக்குவம் செய்தல்
உய்த்துணர்தல் – சான்றுகளைக் கொண்டு ஊகித்து அறிதல்
நீரகம், கரி, உயிரகம், வெடியம் – ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன்
அகவை – வயது

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இராமச்சந்திரன் எங்கு, எப்போது பிறந்தார்?
2. கொலாஜன் உடலின் எப்பகுதிகளில் காணப்படுகிறது?
3. கங்காருவின் வால் தசைநாண் எந்த நிலையத்திலிருந்து கிடைத்தது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. முப்புரியின் நடுவில் கிளைசின் மட்டுமே அமர முடிவது ஏன்?
2. கிரிக்கும் ரிச்சும் கூறிய மறுப்புகள் யாவை? அவற்றுள் எது பின்னர் நிலைபெற்றது?
3. இராமச்சந்திரன் வரைபடம் இன்றைய ஆய்வாளர்க்கு எவ்வாறு பயன்படுகிறது?

இ. பிரித்து எழுதுக.
முப்புரி, பேரறிஞர், எதிர்க்கரை, பேரிழப்பு

ஈ. செய்து காண்க.
மூன்று வண்ண நூல்களை எடுத்து ஒவ்வொன்றிலும் சம இடைவெளியில் ஒரு முடிச்சிடுக. மூன்றையும் முறுக்கிக் கயிறாக்கி, முடிச்சுகள் எத்திசையை நோக்குகின்றன என்பதை உற்றுநோக்கிக் குறிப்பேட்டில் எழுதுக.

உ. சிந்தித்து எழுதுக.
உங்கள் கருத்தை ஒருவர் மறுத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? இப்பாடத்தைக் கற்றபின் என்ன செய்வீர்கள்? ஒரு பக்க அளவில் எழுதுக.